மனசிலிருந்து ரெண்டு வார்த்தை

எங்கள் சலவைக்கூடத்தில் வேலையை விட்டுப் போகிறவரைப் பற்றி ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எந்தப் புண்ணியவான் இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தானோ தெரியாது. 'மனசிலிருந்து ரெண்டு வார்த்தை' என்று அதற்குப் பெயர். உண்மையிலேயே மனசிலிருந்து வந்தால் ரெண்டு வார்த்தையோடு நிற்குமா? அடிதடியில் போய்த்தான் முடியும். அதனால் அன்றைக்கு எல்லோரும் மனசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கைவிரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எங்களிடம்தான் வெளுக்கும். ஒரு வாசலில் அழுக்கு இறங்கும். ரத்தக்கறை பட்டதையெல்லாம் முதலில் சலவைச் சோடா கரைத்த சோடாத் தொட்டியில் ஊறப்போட்டு, கையால் புரட்டி, இழுத்து, அப்புறம்தான் இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். பிழிந்து, உலர்த்தி, உருளை இஸ்திரிக்குள் விட்டு எடுத்து, மடிப்பு மேசைக்கு வரும்போது அது என் கைக்கு வரும். நான் ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கறை மிச்சமிருந்தால் திருப்பி அனுப்புவேன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவன் விட்ட கறையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி வேலை முடிந்த பிறகும் போகாது, என்ன செய்ய.

எங்கள் ஃபோர்மேனுக்கு மோப்பம் என்று பெயர். வைத்தது நான்தான். மடித்து அடுக்கிய விரிப்பைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சுவார். "சோப்பு வாடை போகல" என்று முப்பது விரிப்பைக் கீழே தள்ளிவிடுவார். சரி, அது தொழில் என்று விட்டுவிடலாம். யார் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாலும் அங்கேயும் மூக்கு வந்து நிற்கும். யார் யாரிடம் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள், எல்லாம் மோந்து தெரிந்துகொண்டு மேலே போய் ஒப்பிப்பார். இருபத்தாறு வருடமாக எங்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டிய ஆள். அவருக்கு ஓய்வு பெறும் நாள் வந்தபோது, வெளியில் சொல்லவில்லையே தவிர, ஒவ்வொருவரும் உள்ளுக்குள் தலை முழுகிவிட்டோம்.

எனக்கு அதில் ரெட்டைச் சந்தோஷம். அடுத்த ஃபோர்மேன் நான்தான். அனுபவத்திலும் நான், கணக்காக வேலை பார்ப்பதிலும் நான், வாயிலும் நான். கடிதம் அடித்துத் தயாராக இருக்கிறது, தேதிதான் போட வேண்டும் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

என்னைவிட அதிகமாக அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தது சோடாக்கா. பதினான்கு வருடமாகச் சோடாத் தொட்டியில் நிற்கிறவள் என்பதால் அந்தப் பெயர். என்னைவிட ஏழு வயது பெரியவள். அவள் கையை நீங்கள் பார்க்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கைத் தோல் உரிந்து, சில நாள் சேலைமேல் மாட்டுகிற வேலைச் சட்டையின் பொத்தானைக்கூட அவளால் போட முடியாது. நான்தான் போட்டுவிடுவேன். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி தண்ணீரிலும் சோடாவிலும் கை பட்டால் விரல் மடங்காமலே போய்விடும். அக்கா மூன்று முறை மோப்பத்திடம் போய், மடிப்பு மேசைக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். யாரை எங்கே போடுவது என்பது ஃபோர்மேன் கையில்தான்.

"கை வலிச்சா வீட்ல இரு. இங்க என்ன ஆஸ்பத்திரியா நடத்தறோம்?" என்றார் மோப்பம். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி கையுறை கொடுப்பார். அது ஆறு வாரத்தில் கிழிந்தால், கிழித்தது அவள் குற்றம்.

நான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "நான் உக்காந்த முதல் நாள், முதல் வேலை, உன்ன மேசைக்கு மாத்தறதுதான் அக்கா."

"நீ சொன்னாச் சரிம்மா," என்றாள் அவள்.

இனி வழியனுப்பு விழாவுக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒரு பெயர் உண்டு. ஆகவே யார் போனாலும், போகிறவரைப் பற்றி மற்றவர்கள் சொல்ல வேண்டிய ரெண்டு வார்த்தையை எழுதிக் கொடுப்பதும் நான்தான். மனசிலிருந்து வர வேண்டியது என் பேனாவிலிருந்து வரும். ஒரு வாரத்துக்கு முன்பே வரிசை கட்டிவிட்டார்கள்.

முதலில் வந்தவர் இஸ்திரிக்காரர். சொந்த மகள் கல்யாணத்துக்கு மோப்பத்திடம் அரை நாள் லீவு மட்டும் வாங்கி, பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிய கையோடு, தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் உருளைக்கு ஓடி வந்த மனிதர்.

"அந்த ஆளப் பத்தி நல்லதா என்னத்தச் சொல்றது? நீயே ஏதாவது எழுதிக் குடு. வாயில வந்தத நான் சொன்னா போலீஸ் வரும்," என்றார்.

நான் எழுதிக் கொடுத்தேன்: 'என் மகள் திருமணத்தன்றும் தொழில்தான் முதல் என்று எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் ஃபோர்மேன்.' வாசித்துப் பார்த்து இஸ்திரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். துணி ஏற்றி வருகிற வண்டிக்காரரை ஒரு முறை பத்து நிமிடத் தாமதத்துக்காக மழையில் வெளியே நிறுத்தி வைத்ததை, 'நேரத்தின் அருமையை எனக்கு உணர்த்தியவர்' என்று ஆக்கினேன். மோந்து பார்ப்பதை, 'ஒவ்வொரு விரிப்பையும் தன் பிள்ளையைப் போல் அணைத்துப் பார்ப்பவர்' என்று எழுதினேன். உளவு சொன்னதை, 'நம் ஒவ்வொருவர் மேலும் ஒரு கண் வைத்திருந்தவர்' என்று போட்டேன். ஒரு பொய் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளதைத் திருப்பிப் போட்டு மடித்தேன், அவ்வளவுதான். பதினோரு சீட்டு எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதி முடித்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சோடாக்காவுக்கும் ஒன்று நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு வேணாம்மா. நான் பாத்ததச் சொல்லிக்கறேன்."

விழா மதியம் மூன்று மணிக்கு. மடிப்பு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எங்கள் விரிப்பிலேயே நல்லதாக ஒன்றை மேலே விரித்து, கேக்கும் டீயும் வைத்திருந்தார்கள். ஆபீஸ் சார்பில் ஒரு சுவர்க் கடிகாரம். மோப்பம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. ஒல்லியான அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இந்த மேனேஜர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நியாயமான மனிதர், ஆனால் பழைய கதை எதுவும் தெரியாது.

ஒவ்வொருவராக எழுந்து என் சீட்டை வாசித்தார்கள். என்ன உருக்கம், என்ன நடுக்கம்! வீட்டில் பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவனெல்லாம் அங்கே சீட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசினான். இஸ்திரிக்காரர் மகள் கல்யாணத்தைச் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வண்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அட, பாவிகளா! முந்தின நாள் வரைக்கும் 'எப்ப ஒழிவான்' என்று நாளை எண்ணியவர்கள். மோப்பத்தின் முகத்தைப் பார்த்தேன். முதலில் சந்தேகத்தோடு இருந்தது. நாலாவது ஆள் பேசும்போது உதடு துடித்தது. ஏழாவது ஆளுக்குக் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

சோடாக்கா எழுந்தாள். கையைச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளியே நின்றாள்.

"ஃபோர்மேன் சார் ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. இனிமே வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் கைதட்டவில்லை. எனக்கே அது கொஞ்சம் மொட்டையாகப் பட்டது.

கடைசியில் நான். எனக்கும் ஒரு சீட்டு வைத்திருந்தேன், நாலே வரி. அதை வாசித்துவிட்டு வந்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்: ஒரு மணி நேரமாக என் சரக்குக்கு அடுத்தவனெல்லாம் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறான், எழுதியவள் நாலு வரியோடு உட்காருவதா? சீட்டை மடித்து வைத்தேன். மைக்கைப் பிடித்தேன்.

"நாளைக்குக் காலையில இந்த வாசல்ல அவர் நிக்க மாட்டாருன்னு நினைச்சாலே, உள்ள வரக் கால் வராது சார்," என்று ஆரம்பித்தேன். "நாங்க இன்னைக்கு நிமிந்து நிக்கறோம்னா, அவர் எங்கள விடாம நிமித்தினதாலதான். இந்தக் கூடத்துல இயந்திரம் நிறைய இருக்கு. உயிர் ஒண்ணுதான் இருந்துது." இன்னும் என்னென்னமோ சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தியமாக வந்தது. நாற்காலி கிடைக்கப்போகிற சந்தோஷமோ, என் பேச்சை நானே கேட்ட மயக்கமோ, தெரியாது. கைதட்டல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. நான் உச்சி குளிர்ந்து போய் உட்கார்ந்தேன்.

மோப்பம் எழுந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன யாருக்கும் பிடிக்காதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்," என்றார். குரலே வேறாக இருந்தது. "இருபத்தாறு வருஷமா அப்படித்தான் நினைச்சேன். வீட்லயும் சொல்லுவேன். ரெண்டு வருஷம் நீட்டிப்பு கேக்கலாம்னு ரூல் இருக்கு. நமக்கு யாரு குடுப்பா, இவங்க நிம்மதியா இருக்கட்டும்னு நான் எழுதிக் குடுக்கல. ஆனா இவ்வளவு பாசத்த வச்சிருக்கீங்களே! இத விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கில்ல? நான் எழுதிக் குடுத்துடறேன்."

கேக்கைக் கடித்த வாய் கடித்தபடியே நின்றது. மேனேஜர்தான் முதலில் கைதட்டினார். அவர் தட்டினால் நாங்கள் சும்மா இருக்க முடியுமா? எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன்.

கலையும்போது அந்த அம்மாள், மோப்பத்தின் மனைவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முதல் முறையாகப் பல் தெரிந்தது.

"நீ நல்லா இருக்கணும்மா. நாளையிலேர்ந்து இவர் நாள் பூரா வீட்ல இருப்பாரேன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் வாங்கிக் குடுத்துட்டே," என்றார். வாழ்த்தியது மனதாரத்தான். அன்றைக்கு அந்த இடத்தில் மனசிலிருந்து வந்தது அதுவும் அக்கா சொன்னதும்தான்.

அப்புறம் உடை மாற்றும் அறையில் எல்லோரும் சேர்ந்து என்னைக் குதறினார்கள்.

"கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கக் கூடாதா?" என்றார் இஸ்திரிக்காரர். "மனுஷன் அழற அளவுக்கா எழுதுவாங்க?"

"எழுதினது நான். வாசிச்ச வாய் யாருது? வண்டிக்காரர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரே, அதையும் நானா எழுதிக் குடுத்தேன்?" என்றேன்.

"நீ கடைசியாப் பேசினயே, அதுக்கு என்ன பேரு?" என்றார் வண்டிக்காரர்.

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அக்கா ஓரமாக உட்கார்ந்து கையில் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஆபீஸ் பக்கம் நடப்பதைப் பார்த்து, அக்கா தொட்டியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

"உண்மையச் சொல்லிடும்மா," என்றாள். "உனக்குப் பேச வரும். இந்தக் கைய வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் என்னால ஆகாது."

"சொல்லத்தானே போறேன். நீ இரு," என்றேன். சொல்லத்தான் போனேன். வாசல் வரைக்கும் அந்த எண்ணம்தான்.

மேனேஜர் மேசையில் நான் எழுதிய பதினோரு சீட்டையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். யாரோ மேசைமேல் விட்டுப் போனதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கேம்மா," என்றார்.

"எழுதத் தெரியாதவங்க கேட்டாங்க சார். அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்." கேட்ட மாத்திரத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "கதவச் சாத்திட்டு உக்காருங்க. நேராவே கேக்கறேன். அவரோட நீட்டிப்பு விண்ணப்பத்த நான் மேல அனுப்பணும். தொழிலாளிங்க விரும்பறாங்கன்னு நான் எழுதணும். வந்த எட்டு மாசத்துல எனக்குச் சில சந்தேகம் இருக்கு. நேத்துப் பேசினதெல்லாம் நிஜமா, இல்ல சம்பிரதாயமா? சம்பிரதாயம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், விண்ணப்பத்த நிறுத்திடறேன். உங்க பேரு வெளிய வராது. உங்களோட கடிதமும் இங்கதான் இருக்கு."

இதைவிட ஒருவர் என்ன செய்ய முடியும்? பழத்தை உரித்து வாயில் வைத்துவிட்டார். விழுங்க வேண்டியதுதான் பாக்கி. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். நேற்று அதே முகத்துக்கு எதிரேதான் நான் கண்ணீர் விட்டேன். சம்பிரதாயம் என்றால், அந்தக் கண்ணீர் என்னவென்று நினைப்பார்? அத்தனை பேர் நடுவில் நடித்தவள் என்பார். நாற்காலிக்காக ஒரு வயசான மனுஷனைக் கவிழ்க்கிறாள் என்பார். சீ, என்னைப் பற்றி ஒருவர் அப்படி நினைப்பதா? இருபத்திரண்டு வருடமாகக் கறை இல்லாமல் வைத்திருந்த பெயர் என்னாவது?

"மனசிலேர்ந்துதான் சார் சொன்னோம்," என்றேன். "எல்லாரும்."

மேனேஜர் பேனாவைத் திறந்தார். "உங்களுக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் சொல்றீங்க," என்றார். "பெரிய மனசு உங்களுக்கு." விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், எதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெளியே வந்தேன். அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா. எவ்வளவோ சொன்னேன். அவர் காதுலயே போட்டுக்கல."

அக்கா தரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றுகூட நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் தோளில் கையை வைத்தாள். தோல் உரிந்த கை, சட்டை வழியாகவே சொரசொரவென்று பட்டது.

"விடும்மா. எனக்காக நீ சண்ட போட்டியே, அதுவே போதும். உனக்கும்தான் நாற்காலி போச்சு. நீ மனசு ஒடஞ்சிடாத."

அன்று மதியத்துக்குள், நான் மேனேஜரிடம் அக்காவுக்காகக் கத்திச் சண்டை போட்டேன் என்று கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது அக்காதான். இஸ்திரிக்காரர் வந்து முந்தின நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். வண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை, டீயையும் சரி, கதையையும் சரி. இப்போது எனக்குக் கூடத்தில் ரொம்ப நல்ல பெயர். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அக்காவுக்கு வலது கையில் ரெண்டு விரல் மடங்குவதில்லை. தொட்டியில்தான் நிற்கிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.